72 ஹோம் ரன் அடித்த ஆள் இருந்தும் ராஸ்வெல் ராக்கெட்ஸ் ஏன் நிலைக்கவில்லை?

தெற்குச்சாலை

எல்லோருக்கும் வணக்கம். பேஸ்பால் பக்கம் வந்து மூன்று நான்கு வருடம்தான் ஆகிறது, பழைய கதைகள் எனக்கு அதிகம் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு நியூ மெக்ஸிகோ போயிருந்தோம். கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்த்துவிட்டு 285ஆம் நெடுஞ்சாலையில் ஆர்ட்டீசியா வழியாக ராஸ்வெல் வந்தோம். ராஸ்வெல் என்றால் எல்லோருக்கும் பறக்கும் தட்டுதான் ஞாபகம் வரும், தெருவிளக்கில்கூட வேற்றுக்கிரகவாசியின் கண்ணை வரைந்து வைத்திருக்கிறார்கள், என் பையனுக்கு அதைப் பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது. அப்புறம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பேஸ்பால் மைதானம் கண்ணில் பட்டது. மத்தியானம், ஆட்டம் எதுவும் இல்லை, வெயில் கொளுத்துகிறது. 'ஜோ பௌமன் ஸ்டேடியம்' என்று பெயர். யார் இவர் என்று பையன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1954இல் ராஸ்வெல் ராக்கெட்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு (உச்ச நிலையான மேஜர் லீகுக்குக் கீழ்ப்படி) ஆடி ஒரே சீசனில் 72 ஹோம் ரன், அதாவது 72 தடவை பந்தை வேலிக்கு வெளியே அடித்திருக்கிறார்! 2001இல் மேஜர் லீகில் பேரி பாண்ட்ஸ் 73 அடிக்கும்வரை தொழில்முறை பேஸ்பாலில் யாரும் அதைத் தாண்டவில்லையாம். அந்த அணி 1949இல் தொடங்கி 1956இல் முடிந்திருக்கிறது. அதாவது 72 அடித்து இரண்டே வருடத்தில் அணியே இல்லை.

இதுதான் எனக்குப் புரியவில்லை. இப்படி ஒருவர் தினமும் ஆடுகிறார் என்றால் ஊரே திரண்டு வந்திருக்காதா? காசு கொட்டியிருக்காதா? அப்படியிருந்தும் எப்படி மூடினார்கள்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழைய ஸ்கோர்கார்டு

இந்த லீகைப் பற்றி ஒருவர் கேட்டதைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. பல வருடமாக அந்தக் காலத்து நியூ மெக்ஸிகோ, மேற்கு டெக்ஸாஸ் அணிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மீதி புரியாது. இப்போது மைனர் லீக் அணி என்றால் ஏதாவது ஒரு மேஜர் லீக் அணியின் பயிற்சிக்கூடம், வீரர்களுக்குச் சம்பளமே மேலிருந்துதான் வருகிறது. அப்போது அப்படியில்லை. மேஜர் லீகுக்குக் கீழே டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி, டி என்று படிப்படியாக இருந்தது. கடைசிப் படிகளில் இருந்த அணிகள் பலவற்றுக்கு மேலே தாங்கிப் பிடிக்க யாருமே கிடையாது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டு அணி வைத்திருப்பார்கள், டிக்கெட் காசும் வேலியில் விளம்பரம் எழுதுகிற கடைக்காரர்கள் தருகிற காசும்தான் வருமானம். எங்கேயாவது ஒரு நல்ல பையன் கிடைத்தால் அவனை மேல்படி அணிக்கு விற்பதும் ஒரு வருமானம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்த மாதிரி அணிகள் மழைக்குப் பிறகு காளான் முளைப்பது போல முளைத்தன. 1949இல் மட்டும் அமெரிக்கா முழுக்க 59 மைனர் லீக்குகள், ஏறத்தாழ 450 அணிகள், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கிட்டத்தட்ட 4 கோடி. அந்த அலையில் வந்ததுதான் லாங்ஹார்ன் லீக். 1947இல் ஹோவர்ட் கிரீன் என்பவர் தொடங்கினார். முதல் வருடம் ஆறு ஊர்கள்: பிக் ஸ்பிரிங், மிட்லண்ட், ஒடெஸ்ஸா, ஸ்வீட்வாட்டர், பாலிங்கர், வெர்னன். எல்லாமே டெக்ஸாஸ். ராஸ்வெல் 1949இல் உள்ளே வந்தது. தொடக்கத்தில் டி வகுப்பு, 1951இலிருந்து சி வகுப்பு.

அணிகளின் பெயரைப் பார்த்தாலே அந்த ஊரில் என்ன தொழில் என்று தெரிந்துவிடும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஆர்ட்டீசியாவுக்கு டிரில்லர்ஸ், ஒடெஸ்ஸாவுக்கு ஆயிலர்ஸ், பொட்டாஷ் சுரங்கம் உள்ள கார்ல்ஸ்பாடுக்கு பொட்டாஷர்ஸ். ராஸ்வெல்லுக்கு ராக்கெட்ஸ் என்ற பெயரும் பொருத்தமானதுதான், ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடர்ட் 1930களில் பல வருடம் அங்கே தங்கித்தான் ராக்கெட் சோதனை செய்தார். பறக்கும் தட்டுக் கதை 1947இல் வந்தது, ஆனால் அதை ஊர் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது எத்தனையோ வருடம் கழித்து.

1950 கணக்கெடுப்பில் ராஸ்வெல்லில் 25,000 பேருக்குக் கொஞ்சம் மேல். பக்கத்திலேயே பெரிய விமானப்படைத் தளம் இருந்தது. ஆர்ட்டீசியாவில் 8,000 பேர் சொச்சம். இந்த மாதிரி ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழில்முறை அணியை வைத்துக்கொண்டு சீசனுக்கு 140 ஆட்டம்வரை நடத்தின. பாதி ஆட்டம் சொந்த ஊரில் என்று வைத்துக்கொண்டால் 70 சாயங்காலம். எட்டாயிரம் பேர் உள்ள ஊரில் 70 சாயங்காலமும் ஜனம் வரவேண்டும்! அதுவும் நடந்தது, சில வருடம்.

ஏன் நின்றுபோனது என்பதற்கு அப்புறம் வருகிறேன். பௌமனைப் பற்றி இடதுகைக்காரர் எழுதினால் நன்றாக இருக்கும், அவர் இதில் எனக்கு மேல்.

இடதுகைக்காரன்

ஸ்கோர்கார்டு ஐயா கூப்பிட்டபிறகு வராமல் இருக்க முடியுமா.

ஜோ பௌமன் 1922இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர். ஆறடி ஐந்து அங்குலம், இடது கை ஆட்டக்காரர், ஃபர்ஸ்ட் பேஸில் (அடித்துவிட்டு ஓடுகிறவர் முதலில் தொடவேண்டிய இடம்) நிற்பார். போர்க்காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு 1946இல் அமரில்லோ அணிக்கு வந்து 48 ஹோம் ரன், அடுத்த வருடம் 38. அதைப் பார்த்து மேஜர் லீக் அணியான பாஸ்டன் பிரேவ்ஸ் இவரை வாங்கிக்கொண்டார்கள். 1948இல் டிரிபிள் ஏ அணியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடவிட்டு, கீழே ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் சம்பளத்தையும் குறைத்துக் கேட்டார்கள். இவர் முடியாது என்றுவிட்டார். ஒக்லஹோமா சிட்டித் தெருமுனையில் ஷூ லேஸ் விற்றால் இதைவிட அதிகமாகச் சம்பாதிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதோடு மூன்று வருடம் எல்க் சிட்டியில் லீகுக்கு வெளியே உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டு, ரூட் 66இல் பெட்ரோல் பங்க் நடத்தினார். அப்போது அவருக்கு 27 வயது, ஒரு ஹிட்டருக்கு உச்சத்தில் இருக்க வேண்டிய வயது. அந்த மூன்று வருடக் கணக்கு எந்தப் பதிவிலும் சேரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

1952இல் ஆர்ட்டீசியாவுக்கு ஆட வந்தார். 50 ஹோம் ரன். அடுத்த வருடம் 53. 1954இல் ராஸ்வெல்லுக்கு மாறினார், அங்கேயும் டெக்ஸாகோ பங்க் ஒன்றை நடத்திக்கொண்டே ஆடினார். பகலில் காருக்குப் பெட்ரோல் போட்டுக் கண்ணாடி துடைத்துவிட்டு ராத்திரி மைதானத்துக்கு வருகிற ஆள்.

இப்போது கோழிவலை விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த ஊர் மைதானங்களில் ஜனம் உட்காருகிற இடத்துக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே பந்து தாக்காமல் இருக்கக் கோழிவலைக் கம்பி கட்டியிருப்பார்கள். நம் ஆள் யாராவது ஹோம் ரன் அடித்தால், அவர் பேஸ்களைச் சுற்றி வந்து முடித்ததும் நேராக அணி உட்காருகிற டக் அவுட்டுக்குப் போகமாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வலையோரமாக நடப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு டாலர் நோட்டைச் சுருட்டி வலைக் கண் வழியாக நீட்டுவார்கள், எண்ணெய்க்காரர்கள் ஐந்து டாலரும் நீட்டுவார்கள், இவர் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டே போவார். அடுத்த பேட்ஸ்மேன் அதுவரை காத்திருப்பார், அம்பயரும் ஒன்றும் சொல்லமாட்டார். மாதச் சம்பளம் சில நூறு டாலர்தான் என்னும்போது ஒரு ராத்திரியில் வலை வழியாக வருகிற காசு சின்னத் தொகையில்லை. மேலே டிரிபிள் ஏயில் போய் ஆடினாலும் கையில் இவ்வளவு நிற்காது என்று கணக்குப் போட்டுத்தான் பலர் இங்கேயே இருந்தார்கள். பௌமனும் அப்படித்தான்.

இனி 1954. பழைய சாதனை 69. 1933இல் மினியாபொலிஸில் ஜோ ஹவுசர் அடித்தது, 1948இல் அமரில்லோவின் பாப் க்ரூஸ் அதைச் சமன் செய்தார். பௌமன் ஆகஸ்ட் 31 அன்று ஸ்வீட்வாட்டருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்து 68க்கு வந்தார். அப்புறம் 69. அங்கேயே நின்றுவிட்டது. செப்டம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை, சீசனின் கடைசி நாள், ஆர்ட்டீசியாவில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். இருக்கிற வாய்ப்பெல்லாம் கிடைக்கட்டும் என்று அவரை வரிசையில் முதல் ஆளாக இறக்கினார்கள். எதிரே பந்து வீசியவர் ஹோசே கயார்டோ என்ற கியூபா இளைஞர். சாதனை தன் பந்தில் போகவேண்டாம் என்று நாலு பந்தை வேண்டுமென்றே வெளியே வீசி, அடிக்கவிடாமல் ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் நேராக வீசினார். முதல் இன்னிங்ஸிலேயே வலது பக்கச் சுவரைத் தாண்டி 70. இரண்டாவது ஆட்டத்தில் இன்னும் இரண்டு.

அன்றைக்கு அவர் தொப்பியோடு நடந்தது எதிரணி ஊரின் வலையோரம். போன வருடம்வரை அவர்கள் அணியில் இருந்தவர்தான், இப்போது எதிரி. அப்படியும் ஆர்ட்டீசியா ஜனம் நோட்டை நீட்டியது. பேஸ்பாலில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். படம்கூட நான் பார்த்ததில்லை, படித்ததுதான், ஆனால் கண்ணை மூடினால் தெரிகிறது.

முழுக் கணக்கு: 138 ஆட்டம், 498 முறை பேட்டிங், 199 ஹிட், சராசரி .400, 224 ரன் அடித்து உள்ளே கொண்டுவந்தது, 150 முறை நடக்கவிட்டார்கள்.

எண்வேட்டை

ரசித்துப் படித்தேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாண்ட்ஸின் 73ஐயும் இந்த 72ஐயும் பக்கத்தில் வைப்பதே தவறு. ராஸ்வெல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லியது, வறண்டது, பந்து கூடுதலாகப் பறக்கும். வீசியவர்கள் சி வகுப்புப் பிட்சர்கள், பாதிப்பேர் இருபது வயதுகூடத் தாண்டாத பையன்கள். க்ரூஸ் 69 அடித்த வருடம் 254 ரன்களை உள்ளே கொண்டுவந்தார் என்றால் அந்த வட்டாரத்தில் ரன் எப்படிக் கொட்டியது என்று பாருங்கள். பௌமன் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

இடதுகைக்காரன்

எண்வேட்டை, நீங்கள் சொன்ன எதுவும் பொய்யில்லை. காற்றும் உண்மை, பிட்சர்களின் வயதும் உண்மை. ஆனால் அந்தக் காற்றில் எல்லோரும்தான் ஆடினார்கள், அதே பிட்சர்களைத்தான் எல்லோரும் எதிர்கொண்டார்கள், 72 ஒருவருக்குத்தான் வந்தது. 1952இலிருந்து 1955வரை நான்கு வருடத்தில் 50, 53, 72, 46 என்று 221 ஹோம் ரன். ஒரு வருட அதிர்ஷ்டமென்று இதைத் தள்ளிவிட முடியாது.

பிட்சர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிக் ஸ்பிரிங் அணியில் பாட் ஸ்டேஸி மேலாளராக இருந்தபோது, மேஜர் லீகின் வாஷிங்டன் அணிக்காக கியூபாவில் ஆள் தேடிய ஜோ கேம்ப்ரியா வழியாக நிறைய கியூபா இளைஞர்கள் அங்கே வந்தார்கள். பின்னால் வாஷிங்டனுக்கும் மினசோட்டாவுக்கும் வீசிப் பெயர் பெற்ற கமிலோ பாஸ்குவல் 1951இல் அந்த அணிக்கு ஆடியிருக்கிறார். பையன்கள்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாதாரணப் பையன்கள் என்று சொல்லாதீர்கள். மொழி தெரியாத ஊரில், பாலைவன வெயிலில், நூற்றுக்கணக்கான மைல் பஸ்ஸில் போய் இறங்கி அன்றைக்கே பந்து வீசியவர்கள்.

எண்வேட்டை

பாஸ்குவல் அங்கே ஆடியது எனக்குத் தெரியாது. சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். உயரத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

தெற்குச்சாலை

இரண்டு பேருக்கும் நன்றி. கோழிவலை விஷயத்தை நேற்று ராத்திரி பையனுக்குப் படித்துக் காட்டினேன், "அவர் பையில் எல்லாக் காசும் பிடிக்குமா" என்று கேட்டான்.

ஸ்கோர்கார்டு ஐயா, நீங்கள் பாதியில் விட்ட இடத்துக்கு வாருங்கள். இப்படி நோட்டு நீட்டிய ஊர் ஏன் இரண்டு வருடத்தில் கைவிட்டது?

பழைய ஸ்கோர்கார்டு

வருகிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வலை வழியாகப் போன காசு பௌமனுக்குப் போனது. அணிக்குப் போகவில்லை. அணிக்குக் கிடைத்தது பெரும்பாலும் டிக்கெட் காசும் விளம்பரக் காசும்தான். அதைக் கொண்டுதான் பதினைந்து பதினெட்டு பேருக்குச் சம்பளம், பஸ், தங்குமிடம், மட்டை, பந்து, விளக்குக்கான கரண்ட் பில் எல்லாம். பந்து ஒவ்வொன்றும் காசு, 72 தடவை வேலிக்கு வெளியே போனது இவர் அடித்தது மட்டும்.

பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஸ்வெல்லிலிருந்து சான் ஏஞ்சலோ 300 மைலுக்கு மேல். அந்தக் காலத்துச் சாலை, அந்தக் காலத்துப் பஸ். ராத்திரி ஆட்டம் முடித்துவிட்டு ஏறினால் விடிந்தபிறகுதான் இறங்குவார்கள். லீகில் ஒரு ஊர் கழன்றுகொண்டால் அடுத்த ஊர் இன்னும் தூரமாக இருக்கும், எல்லோருக்கும் பஸ் செலவு ஏறும், அதைத் தாங்காமல் இன்னொரு ஊர் கழன்றுகொள்ளும். லாங்ஹார்ன் லீக் முழுவதும் இப்படித்தான் ஆட்டம் கண்டது. பாலிங்கர், வெர்னன் போன்ற சின்ன ஊர்கள்தான் முதலில் திணறின.

அடுத்தது மழை. 1950இலிருந்து 1957வரை டெக்ஸாஸிலும் கிழக்கு நியூ மெக்ஸிகோவிலும் கடுமையான வறட்சி. ஆடுமாடு வளர்ப்பவனும் பருத்தி போடுபவனும் கடனில் இருந்தான். பண்ணைக்காரன் கையில் காசில்லை என்றால் கடைக்காரனிடமும் இல்லை, கடைக்காரனிடம் இல்லை என்றால் வேலியில் விளம்பரம் எழுத யார் வருவார்கள்?

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி தொலைக்காட்சிதான். ராஸ்வெல்லில் 1953இல் கே.எஸ்.டபிள்யூ.எஸ். என்ற நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே வருடம்தான் நாடு தழுவிய அளவில் வாரம் ஒரு மேஜர் லீக் ஆட்டத்தை டிவியில் காட்டவும் தொடங்கினார்கள். அதில் ஒரு விதி இருந்தது. மேஜர் லீக் அணி உள்ள பெரிய நகரங்களில் அந்த ஒளிபரப்பு கிடையாது, அவர்கள் டிக்கெட் விற்பனை கெடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அப்படியானால் அந்த ஒளிபரப்பைப் பார்த்தது யார்? மேஜர் லீக் அணி இல்லாத ஊர்க்காரர்கள். மைனர் லீக் அணிகள் இருந்ததெல்லாம் அந்த ஊர்களில்தான். பெரியவர்கள் தங்கள் வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு தகவல். 1956இல் அந்த ராஸ்வெல் நிலையம் ஊருக்குக் கிழக்கே கேப்ராக் என்ற இடத்தில் ஒரு கோபுரம் எழுப்பியது. 1,610 அடி. அன்றைக்கு உலகத்திலேயே மனிதன் கட்டியதில் அதுதான் உயரம், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட உயரம். 1960இல் புயலில் சாய்ந்தது. அந்தக் கோபுரம் எழுந்த வருடம்தான் ராக்கெட்ஸின் கடைசி வருடம். கோபுரத்தால்தான் அணி போனது என்று சொல்லமாட்டேன், அதற்கு முன்பே நோய் முற்றிவிட்டது. ஆனால் ஊரின் காசும் கவனமும் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட வேறொன்றும் இல்லை.

வீட்டுக்குள் குளிரூட்டியும் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஜூலை மாதச் சாயங்காலத்தில் வீட்டுக்குள் உட்கார முடியாது, காற்றாட மைதானத்துக்குப் போவதுதான் சுகம். ஆட்டமே பிடிக்காதவர்கள்கூட வந்தார்கள். அவர்கள்தான் முதலில் நின்றார்கள்.

1955 முடிந்ததும் லாங்ஹார்ன் லீக் கலைந்தது. மிஞ்சிய ஊர்கள் வேறு சில ஊர்களோடு சேர்ந்து 1956இல் சவுத்வெஸ்டர்ன் லீக் என்று பி வகுப்பில் புதிதாகத் தொடங்கின. கிளோவிஸ், எல் பாஸோ, பாம்பா, பிளெயின்வியூ எல்லாம் சேர்ந்ததில் தூரம் இன்னும் கூடியது. பௌமன் அந்த வருடம் 17 ஹோம் ரன்னோடு ஆட்டத்தை விட்டார். அணியும் அதோடு சரி. நாடு முழுக்க 1949இல் 59 ஆக இருந்த லீக்குகள் 1956இல் பாதிக்கும் குறைவு. 1963இல் பி, சி, டி என்ற வகுப்புகளையே எடுத்துவிட்டார்கள்.

அதனால் தம்பி, ஹோம் ரன் மன்னன் இருந்தும் ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: சாதனை நெருங்குகிற ராத்திரிகளில் கொண்டாட்டத்துக்கு ஜனம் வந்திருக்கும், ஆனால் மே மாதத்தில் புழுதிக்காற்று அடிக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்வீட்வாட்டரோடு நடக்கிற ஆட்டத்துக்கு வர ஆளில்லை. அணியைத் தூக்கி நிறுத்துவது அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான்.

மேற்குக்காற்று

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். இதோடு ஆல்பைன் கதையைச் சேர்த்தால்தான் முழுமையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆல்பைன் மேற்கு டெக்ஸாஸில் மலைக்கு நடுவே உள்ள ஊர், 1960இல் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஹெர்பர்ட் கோகர்நாட் என்ற பெரிய பண்ணைக்காரருக்கு பேஸ்பால் மேல் அப்படி ஒரு பிரியம். 1947இல் தன் பண்ணையிலிருந்து செங்கல்லைவிடச் சிவப்பான கல்லை வெட்டி எடுத்து மைதானம் கட்டினார். ஆடுகளத்துக்கு மண் ஜார்ஜியாவிலிருந்து வந்தது. இரும்பு வேலைப்பாட்டில் பேஸ்பால் வடிவம், அதில் தையல் முதற்கொண்டு சிவப்புச் சாயத்தில் தெரியும். அங்கே ஆல்பைன் கௌபாய்ஸ் முதலில் லீகுக்கு வெளியே ஆடினார்கள், 1959இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் கீழ் டி வகுப்பு சோஃபமோர் லீகில் சேர்ந்தார்கள். அந்த முதல் அணியில் இருந்த டான் ஷ்வால் இரண்டே வருடம் கழித்து அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். மூன்று சீசன் ஆனதும் லீகே போய்விட்டது, 1961 கடைசி.

இங்கே மைதானம் இருந்தது, பணக்காரர் இருந்தார், மேலே ரெட் சாக்ஸ் இருந்தது. ராஸ்வெல்லுக்கு இல்லாத எல்லாம் ஆல்பைனுக்கு இருந்தும் மூன்றே வருடம். ராஸ்வெல்லும் 1959இல் அதே லீகில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் துணையோடு ஒரு வருடம் மறுபடி முயற்சி செய்து பார்த்தது. ஒரே வருடம்தான். ஆகவே ஸ்கோர்கார்டு ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, பணக்கார ஆதரவு இருந்திருந்தால் ராக்கெட்ஸ் பிழைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் மறுப்பேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2011இல் பெகோஸ் லீக் என்று ஒன்று தொடங்கினார்கள், எந்த மேஜர் லீக் அணியோடும் தொடர்பில்லாதது, வீரர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. ராஸ்வெல் இன்வேடர்ஸ் என்று ஒரு அணி வந்தது, நீங்கள் பார்த்த அந்த மைதானத்தில்தான் ஆடினார்கள். ஆல்பைன் கௌபாய்ஸும் அதே பெயரில், கோகர்நாட்டின் அதே மைதானத்தில்.

இடதுகைக்காரன்

மைதானத்தின் பெயரைப் பற்றி விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். பௌமன் ஓய்வுக்குப் பிறகு ராஸ்வெல்லை விட்டுப் போகவே இல்லை. 2005 ஆகஸ்டில் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டிய விழாவுக்கு வந்தார், 83 வயது. அங்கேயே தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செப்டம்பர் 20 அன்று காலமானார்.

2002இலிருந்து மைனர் லீக்குகளில் அந்த வருடம் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்கு அவர் பெயரில் ஒரு விருது தரத் தொடங்கினார்கள். ஒரு ஹோம் ரன்னுக்கு 200 டாலர் வீதம் கணக்குப் போட்டுக் காசோலை. வலைக்கு நடுவே நோட்டு நீட்டிய வழக்கத்தை ஞாபகம் வைத்துத்தான் இப்படி அமைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

தெற்குச்சாலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அன்றைக்கு அந்த மைதானத்து வாசலில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை, வெயில் என்று சொல்லி எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டேன். ஆர்ட்டீசியாவில் பெட்ரோல் போட்டுவிட்டு அந்த ஆட்டம் நடந்த மைதானம் எங்கே என்றுகூடத் தெரியாமல் வந்தேன். ராஸ்வெல்லிலிருந்து நாற்பது மைல்தான்.

ஸ்கோர்கார்டு ஐயா, அடுத்த கோடையில் ஆல்பைன் வரைக்கும் போகலாமா என்று யோசிக்கிறேன், ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்து. பையன் ஒரு டாலர் நோட்டுகளை இப்போதே சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டான், வலையில் நீட்டலாமா என்று கேட்கிறான். ஆல்பைனில் இப்போதும் அந்த வழக்கம் இருக்கிறதா?

மேற்குக்காற்று

பெகோஸ் லீகில் இருக்கிறது, ஹோம் ரன் அடித்த பையன் ஹெல்மெட்டை ஏந்திக்கொண்டு வருவான். வலையோரம் முதல் வரிசையில் உட்காருங்கள்.